நானுஓயாவில் ‘சீசன்’ இல்லாத நாட்கள்

டொரொன்டோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் சில நாட்களுக்கு முன் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஜூன் மாதத்தில் பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டல்களில் அறை வாடகை வெகுவாகக் குறைந்திருக்கிறதாம். பிள்ளைகளுடன் வந்து கடலில் ஒரு வாரம், பிறகு கோச்சி ஏறி நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவில் ஒரு வாரம் கழிக்கலாமா என்று கேட்டிருந்தார். “ஓஃப் சீசன்தான், பரவாயில்லை” என்றும் எழுதியிருந்தார்.

ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன பக்கத்துக் கடல் குளிப்பதற்கு உகந்ததன்று. சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். அதே மாதத்தில் தீவின் மறுகரையில் நிலாவெளியும் பாசிக்குடாவும் அறுகம்குடாவும் குளம்போல் அமைதியாகவோ அலைச்சறுக்குக்கு ஏற்றதாகவோ இருக்கும். நவம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். சிறிய தீவு; இரண்டு பருவக்காற்று; ஆகவே கடற்கரைக்கு இரண்டு ‘சீசன்’. இதையெல்லாம் நண்பருக்கு நான்கு வரிகளில் எழுதிவிட்டேன். நுவரெலியாவின் சீசனோ நான்கு வரிக்குள் அடங்குவதாக இல்லை. மலையகத்தார் வாயில் அவ்வூர் நூரளை. அங்கு சீசன் என்றால் ஏப்ரல் மாதம். அந்த ஏப்ரலுக்கு வெயில், மழை தவிர வேறு வரலாறும் இருக்கிறது.

1819ஆம் ஆண்டில் ஜோன் டேவி என்ற ஆங்கில மருத்துவர் சிலருடன் இந்தப் பள்ளத்தாக்கை வந்தடைந்தார். ஆங்கிலேயர் நுவரெலியாவைக் ‘கண்டுபிடித்த’ கதை அங்கிருந்து தொடங்குகிறது. (கண்டிச் சிங்களவருக்கு அது முன்பே தெரிந்த இடம் என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இன்னும் சிறிது காலம் பிடித்தது.) 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வேர்ட் பார்ன்ஸ் அங்கே தமக்கொரு மாளிகை கட்டினார், நோயுற்ற படைவீரர் தேறுவதற்கு ஒரு நிலையத்தையும் ஏற்படுத்தினார். அந்த மாளிகை பின்னாளில் கிராண்ட் ஹோட்டலின் கருவாக அமைந்தது. கடற்கரையிலும் இதே கதைதான். கல்கிசையில் ஆளுநர் மெயிட்லண்ட் கட்டிய மாளிகை 1877இல் ஹோட்டல் ஆயிற்று. ஆளுநர்கள் காற்று வாங்கிய இடங்களில் இன்று நாம் அறை எடுத்துத் தங்குகிறோம்.

1847இல் சமநிலத்துக் காய்ச்சலில் வாடிய சாமுவேல் பேக்கர் என்ற வேட்டைக்காரர் உடல் தேறுவதற்காக இங்கு வந்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்திலிருந்து உழவர்கள், கருமான், மாடுகள், வேட்டை நாய்கள் சகிதம் ஒரு குட்டி ஆங்கிலக் கிராமத்தை நிறுவ முயன்றார். 1855இல் அவரே மூட்டை கட்டிவிட்டாலும் அந்தக் கனவு நிலைத்துவிட்டது. ஆளுநர் கிரகரி 1873இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். குதிரைப் பந்தயத் திடலும் ஹில் கிளப்பும் 1870களில் வந்தன. 1889இல் கோல்ஃப் மைதானம், 1897இல் விக்டோரியா பூங்கா. கொழும்பின் சித்திரை வெயிலைத் தாங்கமாட்டாத அதிகாரிகளும் வணிகர்களும் தோட்டத் துரைமாரும் ஏப்ரலில் குடும்பத்தோடு இங்கே ஏறிவிடுவார்கள். ஆளுநருக்கும் இங்கே ஒரு மாளிகை இருந்தது. ஹில் கிளப்பின் கதவு இலங்கையருக்குத் திறந்ததோ சுதந்திரம் கிடைத்தும் பல ஆண்டுகள் கழிந்த பின்னர்தான்.

இவர்களை ஏற்றிவந்த வழிதான் நானுஓயா. 1867இல் கண்டியை எட்டிய புகைவண்டி, 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்துசேர்ந்தது. ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள இந்த நிலையத்திலிருந்து நுவரெலியா ஐந்தாறு மைல். அந்த மிச்சத் தூரத்துக்கு முதலில் குதிரை வண்டி. பிறகு 1903-04இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பொளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலமுள்ள குட்டி ரயில்பாதை போட்டார்கள். வளைந்து வளைந்து ஏறிய அந்தக் குட்டிக் கோச்சி, பஸ் போட்டியைத் தாங்கமாட்டாமல் 1940இல் பயணிகளைக் கைவிட்டது. 1948இல் பாதையே மூடப்பட்டது. அதே 1948 வேறொரு காரணத்துக்காகவும் மலையகத்தில் மறக்கப்படாத ஆண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

துரைமாருக்கு ஏப்ரல் சீசன் அமைவதற்கு முன்பே இந்த மலைகளுக்கு இன்னொரு சீசன் இருந்தது. அது கோப்பியின் சீசன்.

கோப்பிப் பயிருக்கு ஆண்டு முழுவதும் பெரும் ஆள்பலம் தேவையில்லை. காடு அழிக்கவும் நடவும் ஆள் வேண்டும். பிறகு பழம் பறிக்கும் சில மாதங்களுக்கு ஏராளமானோர் வேண்டும். ஆவணி, புரட்டாதி வாக்கில் திருச்சி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணியின் பின்னால் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே மலையேறினார்கள். வாந்திபேதியாலும் அம்மையாலும் பட்டினியாலும் வழியில் விழுந்தவர்கள் பலர். மிஞ்சியவர்கள் பழம் பறித்துக் கையில் நாலு காசுடன் தை அறுவடைக்குத் தங்கள் ஊர் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் நடை. உண்மையான பருவப் பறவைகள் என்றால் அவர்கள்தாம்.

1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறத்தில் துரு படிந்தது. அந்தப் பூஞ்சைநோய் பதினைந்து ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பியை அழித்தொழித்தது. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பாடப்புத்தகங்கள் இதை ஒரு பயிர் போய் இன்னொரு பயிர் வந்த கதையாகச் சொல்லி முடித்துவிடும். என்னைக் கேட்டால், மலையக மக்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் கிடையாது. தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று தனியாக ஒன்றில்லை. ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏழெட்டு நாளில் அதே மலையில் மறுபடி எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் முற்றிப்போகும். ஆண்டில் ஐம்பத்திரண்டு வாரமும் ஆள் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்களின் கை வேண்டும். பெண்கள் வந்தால் பிள்ளைகள். பிள்ளைகள் வந்தால் லயம். வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் குடியிருப்பாளர்கள் ஆனார்கள். நானுஓயாவுக்குப் புகைவண்டி வந்த 1885, கோப்பி ஓய்ந்து தேயிலை நிமிர்ந்த அதே காலம். கீழேயிருந்து ஓய்வெடுக்க வந்த துரைசானியும், ஓய்வே இல்லாத வேலைக்கு வந்த கருப்பாயியும் ஒரே பாதையில்தான் வந்தார்கள், வகுப்பு வேறு.

ஊருக்குத் திரும்ப நினைத்தாலும் முடியாதபடி கடன் தடுத்தது. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று எல்லாம் பெரியகங்காணியின் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால் கடன் தொகையைத் தாங்கிய ‘துண்டு’ இருக்க வேண்டும். ஆள் போகுமிடத்துக்குக் கடனும் கூடவே போகும். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

துரைமாரின் ஏப்ரலைத் தொழிலாளரின் சித்திரையோடு பொருத்திப் பாருங்கள். தை, மாசி வறட்சியிலும் உறைபனியிலும் அடங்கிக் கிடக்கும் செடி, சித்திரை மாலை மழை இரண்டு விழுந்ததும் பொங்கும். மலையெல்லாம் கொழுந்து. நூரளையில் மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்கும் அதே வாரங்களில்தான் தோட்டத்தில் பெரட்டுத் தப்பு அதிகாலையில் அடித்து, பொழுது சாயும்வரை கூடை நிறையும். இது கொழுந்து சீசன். ஜூனில் காற்றும் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் கொழுந்து குறையும், நடை குறையாது. இடுப்பில் படங்கைக் கட்டி, அட்டைக் கடியோடு மலையேறி இறங்கினாலும், குறித்த கிலோ எடுக்காவிட்டால் முழுப் ‘பேர்’ கிடைக்காது, அரைப் பேர்தான். மழையில் நனைந்த கொழுந்துக்கு ஈரத்தின் பேரில் எடை கழிப்பார்கள். ஹோட்டல்காரருக்கு ஓஃப் சீசன் என்றால் காலி அறை. தோட்டத்தில் அது அரைப் பேர்.

சுற்றுலா வந்தவர் கண்ணில் இது பட்டிருக்கவே முடியாது. தோட்டம் தனியார் சொத்து. துரையின் அனுமதியின்றி வெளியார் கால் வைத்தால் அத்துமீறல். தஞ்சையிலிருந்து 1919இல் கொழும்புக்கு வந்த கோ. நடேசய்யர் தோட்டங்களைப் பார்க்க விரும்பியபோது, துணி விற்கும் வியாபாரி வேடம் பூண்டுதான் உள்ளே நுழைய முடிந்தது. துணி வியாபாரிகளை மட்டும் விட்டுவைப்பார்கள். ஆங்கிலேயர் ஏரியில் படகு விட்ட மலையிலேயே, ஒரு தமிழ் எழுத்தாளர் தமிழர் குடியிருப்பைப் பார்க்கத் தோளில் துணிமூட்டை சுமக்க நேர்ந்தது. பார்த்ததை எழுதினார். 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அவரும் மனைவி மீனாட்சியம்மாளும் தோட்டந்தோறும் சென்று பாட்டாலும் பேச்சாலும் தொழிலாளரை எழுப்பியது தனி வரலாறு. 1936இல் அவரை ஹட்டன் தொகுதி அரசாங்க சபைக்கு அனுப்பியது. பத்திரிகைத் தொழிலில் முப்பதாண்டு கழித்துவிட்ட எனக்கு, செய்தி சேகரிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்தத் துணிமூட்டைதான்.

இன்னொரு விருந்தாளியையும் சொல்ல வேண்டும். சிறைவாசத்தாலும் தந்தை மோதிலாலின் மறைவாலும் உடல் தளர்ந்திருந்த ஜவாஹர்லால் நேரு, 1931இல் மனைவி கமலாவுடனும் மகள் இந்திராவுடனும் ஓய்வுக்காக இலங்கை வந்து நுவரெலியாவில் தங்கினார். முறையான சீசன் விருந்தாளி. ஆனால் அவரைப் பார்க்கத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நாள்தோறும் பல மைல் நடந்து வந்தார்கள். காட்டுப்பூவும் காய்கறியும் வீட்டில் கடைந்த வெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு அவர் மொழி தெரியாது. ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தோம் என்று தமது சுயசரிதையில் நேரு பதிவு செய்திருக்கிறார். வந்த பொருள்களை மருத்துவமனைக்கும் அநாதை இல்லங்களுக்கும் அனுப்பிவிட்டாராம். எட்டு ஆண்டுகள் கழித்து, 1939இல், இந்தியத் தொழிலாளர் பிரச்சினைக்காகவே அவர் திரும்பவும் இலங்கை வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்த வருகையின்போது பிறந்தது.

அந்தக் காங்கிரஸ் 1947 பொதுத்தேர்தலில் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. மறுவருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், தந்தையோ, அல்லது பாட்டனும் முப்பாட்டனுமோ தீவில் பிறந்ததைக் காட்டச் சொன்னது. லயத்தில் பிறந்தவனிடம் பாட்டனின் பிறப்புச் சான்று எப்படி இருக்கும்? 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்ததை நிரூபித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. இதில் ‘இடையறாது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தாயின் சாவுக்கோ தங்கையின் கலியாணத்துக்கோ தமிழ்நாடு போனவர், ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்துபோகும். ஊருக்குப் போய்வந்ததே குற்றச் சான்றாகிவிட்டது. இவர்கள் நிலையாகத் தங்குபவர்கள் அல்லர், வந்து போகும் பறவைகள் என்பதே அக்காலத்தில் ஓயாமல் சொல்லப்பட்ட வாதம். கோப்பிக் காலத்துக்குப் பொருந்திய அந்த வாதத்தை, கோப்பி அழிந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, தேயிலையோடு மூன்று தலைமுறை வேர்விட்டவர்கள் மேல் சுமத்தினார்கள். ஏப்ரலில் வந்து மே மாதம் இறங்கிப்போகும் கூட்டத்தாரில் யாரையும் எவரும் பறவை என்று சொல்லவில்லை.

எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டோர் சுமார் 1.34 லட்சம். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் சார்பில் நாடாளுமன்றம் சென்றவர் எவருமில்லை. தொண்டமான் தேர்தலில் வென்று திரும்பிப்போக 1977 ஆயிற்று. அதற்குள் 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பங்கிட்டார்கள். யாரைக் கேட்டுப் பங்கிட்டார்கள் என்று கேட்காதீர்கள்.

1970களின் பிற்பகுதியில் நான் தொடக்கப் பள்ளி மாணவன். என் தந்தை நானுஓயாவுக்கு அருகில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். என் வகுப்பில் மாதத்துக்கு ஒரு இடம் காலியாகும். டிரங்குப் பெட்டிகளோடு குடும்பம் குடும்பமாக நானுஓயா மேடையில் நிற்பார்கள்; வழியனுப்ப வந்த லயமே கட்டிப்பிடித்து அழும். பக்கத்து வாங்கில் இருந்த தோழன், தான் சேர்த்த கோலிக்குண்டுகளை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஏறினான். தோட்டத்தில் பிறந்து அறுபது வயதாகியும் கடலையே கண்டிராத அவன் பாட்டி, கடல் எப்படி இருக்கும் என்று என் தந்தையிடம் கேட்டதை நான் அருகில் நின்று கேட்டேன். அந்த அம்மாள் முதன்முதலாகப் பார்த்த கடற்கரை தலைமன்னாராகத்தான் இருந்திருக்கும். பார்த்த மறுகணம் கப்பல், பிறகு இராமேசுவரம், மண்டபம் முகாம். 1984இல் கப்பல் நிற்கும்வரை இப்படிப் போனவர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம்.

போனவர்களில் ஏராளமானோர் எங்கே சேர்ந்தார்கள் தெரியுமா? நீலகிரியில். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 1968இல் அங்கு தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னர் ‘டான்டீ’ ஆனது. டேவி நுவரெலியாவைக் கண்ட அதே 1819இல்தான் கோவை ஆட்சியர் ஜோன் சல்லிவன் நீலகிரி மலையேறினார். அங்கேயும் ஏரி, பூங்கா, குதிரைப் பந்தயம், கிளப். ஒரே அச்சில் வார்த்த இரண்டு ஊர்கள். ஒரு சீசன் ஊரின் லயத்திலிருந்து கிளப்பப்பட்டவர்கள் இன்னொரு சீசன் ஊரின் லயத்தில் இறங்கினார்கள். இங்கே ‘இந்தியாக்காரர்’ என்றழைக்கப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். இங்கே எஞ்சியவர்களின் நாடற்ற நிலை 1988, 2003 சட்டங்களோடுதான் முடிந்தது.

2019 ஜூனில் நான் நானுஓயா போயிருந்தேன். அவ்வாண்டு சீசனின் நடுவே ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நிகழ்ந்ததால், ஜூனில் வரும் ஒன்றிரண்டு வெளிநாட்டாரும் இல்லை. நிலையத்தில் வேன்காரர்கள் குடைக்குள் ஒடுங்கி நின்றார்கள். தேநீர்க் கடையில் முன்னாள் தோட்டத் தொழிலாளியான ஒரு மூதாட்டி கம்பளி போர்த்தி அமர்ந்திருந்தார்.

“சீசன் எப்படிங்க அம்மா?” என்றேன்.

“எந்த சீசனக் கேக்குறீங்க தம்பி? கொழுந்தா, வெள்ளக்காரவுங்களா?”

இரண்டையும்தான் என்றேன்.

“வெள்ளக்காரவுங்க வரல. கொழுந்தும் கம்மி. மகளுக்கு இந்த மாசம் பூரா அரப்பேருதான். எங்கக்கா கோத்தகிரியில இருக்கா, எழுபத்தி நாலுல போனவ. அங்கயும் சித்திரையில சீசனாம், ரோட்டுல நடக்க எடமில்லையாம். அவ மருமகளுக்கும் கொழுந்துதான்.”

அவர் குடியிருந்தது லயத்தில். அதன் காம்பராவுக்கும் அதன் முன்னால் அவர் போட்டிருந்த கீரைப் பாத்திக்கும் உறுதிப் பத்திரம் கிடையாது. ஏழு பேர்ச் காணி என்ற பேச்சை நான் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டிருக்கிறேன்; கட்டுரையும் எழுதியிருக்கிறேன். அதே ஊரில், துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல பளபளவென்று ஹோட்டல்களாகிவிட்டன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியபோது நுவரெலியா மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. மலையக ரயில்பாதை பல இடங்களில் சிதைந்தது. சாலைகள் துண்டிக்கப்பட்டன. நாலைந்து நாள் முயன்ற பிறகே அந்த அம்மாளின் மகளோடு தொலைபேசியில் பேச முடிந்தது. மண்சரிவு அபாயம் என்று லயத்தைவிட்டு எழுப்பித் தோட்டப் பாடசாலையில் தங்கவைத்திருந்தார்களாம். புத்தாண்டு பிறந்த பிறகு மறுபடி அழைத்தேன். பாடசாலை திறக்க வேண்டியிருந்ததால் எல்லோரும் அதே லயத்துக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னார். அன்று அவர் வேலையிலிருந்து வந்துதான் பேசினார்.